சாப்பிடாமல் போன வீடு

ரதெங் குன்று, ஏரிக்கரை
மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மாரெனுக்கு,

பெண்கள் விடுதியைக் கட்டி மேய்க்கிற டோர்கா அமோண்டி எழுதுகிறேன். ஸ்வாஹிலிப் பாடத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தையே தேற வைத்தவள், உன் ஒருத்தியிடம் மட்டும் தோற்றவள். நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. தண்ணீர்த் தொட்டியில் மறுபடியும் விரிசல். சமையல்கட்டில் விறகெல்லாம் ஈரம். தலைமையாசிரியர் ஒபுயாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, காலைக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே பிள்ளைகளைத் திட்டுகிறார். இதெல்லாம் சுகத்தில் சேருமானால் நாங்கள் சுகம். உன் கதை என்ன?

உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன்னை இங்கே அனுப்பிவைத்த தொண்டு அமைப்புக்கு ஒபுயா எழுதிக் கேட்டார். ஆசிரியை தன் பணியை முடித்துக்கொண்டார், சொந்த விவரங்கள் தர இயலாது என்று மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டார்கள். எனவே நீ விட்டுப்போன இந்த விலாசத்துக்கே எழுதுகிறேன். உன் அம்மா பிரித்தாலும் பரவாயில்லை. அம்மா, உங்கள் மகளிடம் இதைக் கொடுங்கள், கொடுக்கும்போது தலையில் ஒரு குட்டும் வையுங்கள்.

நீ போன பிறகு எங்களுக்கு வந்தது ஒரே ஒரு பட அட்டை. சாம்பல் நிறத்தில் கடல், ஆளில்லாத மணல். பின்பக்கம், 'கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன், இங்கே தூக்கம் வருகிறது' என்று எழுதியிருந்தாய். இங்கிருந்த கடைசி நாட்களில் ஏரி இருக்கும் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாதவள் நீ. டென்மார்க்கில் வேறு இடமே இல்லையா, உனக்குக் கடற்கரைதான் கிடைத்ததா?

பிள்ளைகள் உன்னை மறக்கவில்லை. நீ கரும்பலகையைக் கை முஷ்டியால் துடைத்துவிட்டு அதே கையால் மூக்கைத் தேய்ப்பாயே, அதை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் மீன் வந்தால் போதும், யாராவது ஒருத்தி முட்களைத் தட்டின் விளிம்பில் சிப்பாய்களை நிறுத்துகிற மாதிரி வரிசையாக வைத்து, "மாரென் டீச்சர் சாப்பிட்டாச்சு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் ஒருத்தி அந்த முட்களைக் கலைத்துவிடுவாள். உன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. உன் நீல மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அந்த வீட்டில் தங்க யாரும் கேட்கவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ ஏன் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனால் நீ உன் மனசில் அதை எப்படிப் பதிந்து வைத்திருக்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. எனவே நான் பார்த்தபடி சொல்கிறேன், கேள்.

சம்பளமில்லாமல் வந்த நீ, சனிக்கிழமையும் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்து இயற்பியல் சொல்லிக்கொடுத்தாய். தீவிலிருந்து வரும் அடோயோ உன் செல்லப் பிள்ளை. "நீ வந்து உக்காந்தாதான் நான் பாடத்தை ஆரம்பிப்பேன்" என்று அவளிடம் சொல்வாய். விளையாட்டாகச் சொன்னதுதான். அந்தச் சனிக்கிழமை காலையில் காற்று எழும்பியிருந்தது. "இன்னைக்கு வேண்டாம்டி, தண்ணி நெறம் சரியில்ல" என்று அவள் அம்மா தடுத்திருக்கிறாள். "டீச்சர் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடோயோ படகேறினாள். படகு கவிழ்ந்தது. மற்றவர்களை வலைக்காரர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். அவளை மட்டும் ஏரி திருப்பித் தரவில்லை.

காற்று உன் சொல் கேட்டு எழும்பவில்லை, மாரென். இதை நான் உன் முகத்துக்கு நேரே பலதடவை சொன்னேன். நீ தலையாட்டினாய். தலையாட்டியதே தவிர உன் காதில் எதுவும் ஏறவில்லை.

உடல் கிடைக்காதவர்களுக்கு யாகோ மரத்தின் காயை வெட்டி வந்து, துணியில் சுற்றி, பெட்டியில் கிடத்திப் புதைப்பது எங்கள் வழக்கம். ஆள் நீளத்துக்கு இல்லாவிட்டாலும் கையில் வாங்கினால் ஒரு பிள்ளையின் கனம் இருக்கும். அப்படிச் செய்தால்தான் போனவள் தனக்கென்று ஒரு வீடு கிடைத்தது என்று அடங்குவாள். தீவில் அவர்கள் வீட்டு முற்றத்தின் ஓரத்தில் நீ நின்றாய். பெட்டியை மூடும் முன் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "டோர்கா, அது காய்" என்றாய். "இனிமே அதுதான் அடோயோ" என்றேன். உன் முகத்தில் ரத்தமே இல்லை. மண் போட்டு முடிந்ததும் அடோயோவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக உன்னை நோக்கி வந்தாள். அவள் சாபம் விடத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு நீ படகுத்துறைக்கு ஓடினாய். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

அவள் கையில் இருந்ததை நீ பார்க்கவில்லை. தட்டு. உகாலி என்கிற சோளமாவுக் களியும் பொரித்த மீனும். துக்க வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது. அவள் தன் கையால் உனக்குப் போட்டுக் கொண்டுவந்தாள். நீ போன திசையையே பார்த்துக்கொண்டு தட்டும் கையுமாக நின்றாள். "அந்தப் பொண்ணு என் வீட்டுல ஒரு வாய் சாப்பிடாமப் போகுதே, எங்க மேல எதும் கோவமா?" என்று என்னிடம் கேட்டாள். கோபமாம், உனக்கு! அந்தக் கேள்வியை நான் இத்தனை நாள் சுமந்துகொண்டு திரிகிறேன். பதில் நீ சொல்ல வேண்டியது.

அதற்குப் பிறகு நீ செய்த காரியத்துக்கும் வருகிறேன். வருகைப் பதிவில் அடோயோவின் பெயரை அடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாய். உடலைக் கண்ணால் பார்க்காமல் எப்படி அடிப்பது என்றாய். தினமும் காலையில் அவள் பெயரைக் கூப்பிட்டாய். கூப்பிட்டு, உன் வழக்கப்படி நிமிர்ந்து, வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தாச்சு, தூங்கறவ வீட்டுக் கதவைத் தட்டாத" என்று உன்னிடம் கெஞ்சினேன். பிள்ளைகள் பயந்து போனார்கள். ஒருநாள் காலையில் அந்தப் பெஞ்சுப் பக்கமிருந்து பதில் வந்தது. "உள்ளேன் டீச்சர்." வகுப்பே அலறிக்கொண்டு வெளியே ஓடியது. மறுநாள் நீ பெட்டியைக் கட்டிவிட்டாய்.

அது அடோயோ இல்லை. கேலியும் இல்லை. உன் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ரிஸ்பா. போன வாரம் தானாக வந்து அழுதுகொண்டே சொன்னாள். "மேடம், டீச்சர் தெனமும் அந்த வெறும் எடத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்குப் பாக்கத் தாங்கல. யாராச்சும் பதில் சொன்னாத்தானே அடுத்த பேருக்குப் போவாங்க? அதான் சொல்லிட்டேன்." அவளை அறைவதா அணைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அடோயோவின் அம்மா மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இந்த வயதில் எதிர்பார்க்கவில்லை, வெட்கப்படுகிறாள், சந்தோஷமும்படுகிறாள். பிள்ளை பிறந்தால் உனக்குச் சொல்லச் சொன்னாள். சொல்வேன். அதற்குள் நீ இரண்டு வரி எழுது. கடலுக்குப் பக்கத்தில் இருக்காதே. கரையைவிட்டு உள்ளே தள்ளி, மாடு கத்துகிற இடமாகப் பார்த்துப் போய் இரு.

உன்னைத் திட்டுவதற்கு உரிமை உள்ள,
டோர்கா அமோண்டி


ரதெங் குன்று
மாதிரித் தேர்வு நடக்கும் வாரம்

அன்பு மகளே மாரென்,

என் முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. மழைக்காலமும் போய், வெயில் காய்ந்து, சோளம் பால் பிடித்துவிட்டது. உன் தபால்காரனுக்குக் கால் ஒடிந்துவிட்டதா, அல்லது உனக்குக் கை ஒடிந்துவிட்டதா? இந்தக் கடிதத்தில் வேடிக்கை பேச எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

அடோயோவின் அம்மாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டது, ஆனால் கை காலெல்லாம் திடம். ஒரே குறை, அழுகை. பசிக்கு அழுகிற அழுகை இல்லை. மார்பில் வாய் வைக்கிறது, இழுக்கிறது, உடனே உதறிவிட்டு அழுகிறது. தீவு மருந்தகத்து நர்ஸ் காது, தொண்டை, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறாள். பாலைப் பிழிந்து கரண்டியால் புகட்டுகிறார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. குழந்தை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு போகிறது.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், போனேன். அடோயோவைப் புதைத்துவிட்டுத் திரும்பியதிலிருந்து நான் படகில் கால் வைத்ததில்லை. மிதவைச் சட்டை இரண்டு வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். படகுக்காரன், "என்ன டீச்சரம்மா, கட்டிலையும் கொண்டாந்திருக்கலாமே" என்று கிண்டல் செய்தான். நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

போன இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். ரிஸ்பாவின் தம்பிக்குப் பெயர் வைத்த அன்று நீயும் என்னோடு இருந்தாயே. குழந்தை ஓயாமல் அழுதால், போனவர்களில் யாரோ அதன் மூலம் பெயர் கேட்கிறார் என்று அர்த்தம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவோம். சரியான பெயர் வந்தால் குழந்தை அடங்கிப் பால் குடிக்கும். அன்று ரிஸ்பாவின் பெரியப்பா பெயரைச் சொன்னதும் அந்தப் பயல் டக்கென்று அழுகையை நிறுத்தினான். நீ என் காதில், "வயித்து வலி நின்ன நேரமும் பேரைச் சொன்ன நேரமும் ஒண்ணாயிருக்கும், டோர்கா" என்றாய். "போடி இயற்பியல்" என்று உன் தொடையில் கிள்ளினேன். இப்போது உன் இயற்பியல் எனக்குத் தேவைப்படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அடோயோவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. தண்ணீரில் போனவளின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டப் பெண்களுக்குப் பயம். மற்றபடி குடும்பத்தில் போன எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். மாமியாரைக் கூப்பிட்டார்கள், அழுதது. மாமியாரின் தங்கையைக் கூப்பிட்டார்கள், இன்னும் பலமாக அழுதது. "இவளுக்கு அவளைப் பிடிக்காதுதான், வாயாடி" என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அந்த நிலையிலும் சிரித்தோம். அப்புறம் அடோயோவின் அத்தை எங்களைச் சுற்றிப் பார்த்து, "யாராச்சும் கனவு கண்டீங்களா? வந்தவங்க யாருன்னு மறைக்காமச் சொல்லுங்க. பச்ச மண்ணு, தாங்காது" என்றாள். ஒவ்வொருத்தியாக இல்லை என்றார்கள். என் முறை வந்தது. "நான் படுத்தா மரக்கட்டை. எனக்கு எங்க கனவு வரப்போவுது" என்றேன்.

பொய், மாரென்.

தீவுக்குப் போவதற்கு முந்தின நாள், தேர்வு அறையில் கண்காணிப்புக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். பிள்ளைகள் எழுதுகிற சத்தம் மட்டும். கண் எப்போது சொருகியது என்று தெரியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நீ நின்றாய். உன் நீல மழைக்கோட்டுப் போட்டிருந்தாய், தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. கரும்பலகையை முஷ்டியால் துடைத்தாய். ஆனால் துடைத்த இடத்தில் ஈரம்தான் பரவியது. என்னைப் பார்த்து, மெதுவாக, உன் அரைகுறை ஸ்வாஹிலியில், "டோர்கா, நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டாய். கண் விழித்தபோது ரிஸ்பா தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் நான் ஏதோ முனகினேனாம்.

அன்று மாலை உன் வீட்டைத் திறந்து பார்த்தேன். மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் அதே ஆணியில்தான் தொங்கியது, காய்ந்து. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கனவில் வந்து இடம் கேட்கிறவர்கள் யார் என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. உயிரோடிருப்பவர்கள் நேரில் வந்து கேட்பார்கள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். படித்தவள் பேசுகிற பேச்சா என்று நீ சிரிப்பாய். சிரி. நீ சிரிப்பதைக் கேட்க நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கவும் தயார்.

நான் வாய் திறக்காததால் குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. இதுவும் உண்மைதான். படகில் திரும்பும்போது அந்த அழுகை காதில் கேட்டுக்கொண்டே வந்தது. கரைக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. இப்போது விடுதி மணி அடித்தால்கூட எனக்கு அந்தச் சத்தம்தான்.

ஒரே ஒரு உதவி செய். ஒபுயாவின் எண் உனக்குத் தெரியும், மாறவில்லை. ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். பேசவேண்டாம், காரணம் சொல்லவேண்டாம். மணி அடித்தது என்று தெரிந்தால், மதியம் தின்ற அவரைக்காயின் வாயு அந்தக் கனவு என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பேன். இல்லாவிட்டால் அடுத்த தடவை அவர்கள் கேட்கும்போது என்னால் பொய் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையின் விலா எலும்பை நான் பார்த்துவிட்டேன்.

உன் நெற்றியில் கை வைத்து, ஜுரம் இல்லை என்று பார்த்துவிட்டுப் போகிற,
டோர்கா


தீவு, அடோயோவின் அம்மா வீடு
ஞாயிறு காலை

மாரென்,

போன கடிதம் இன்னும் உன் ஊரை எட்டியிருக்காது. ஆனால் நேற்று நடந்ததை உடனே உனக்கு எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

நேற்று மத்தியானம் மறுபடி ஆள் அனுப்பி அழைத்தார்கள். குழந்தை அழுவதையே நிறுத்திவிட்டது என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன். வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அழத் தெம்பில்லாமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு பிடிக்க அதன் அப்பா ஓடியிருந்தார். நான் வந்து இறங்கிய பிறகு காற்று வலுத்துவிட்டது, அடங்கினால்தான் எடுப்பேன் என்று படகுக்காரன் கையை விரித்துவிட்டான். அடோயோவின் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க பாத்ததைச் சொல்லமாட்டீங்க டீச்சரம்மா. எனக்குத் தெரியும். நானும் பாத்தேன். நானும் சொல்லல." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்பொண்ணைத் தண்ணியில விட்டவ நான். இன்னொருத்தி பெத்த பொண்ணும் அப்பிடிப் போயிட்டான்னு என் வாயால எப்பிடிச் சொல்லுவேன்? அந்த அம்மாவுக்கு யாரு சொன்னாங்களோ, சொல்லலையோ."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"கனவுல வந்தா. தலையெல்லாம் ஈரம். வாசல்ல நின்னுக்கிட்டு எங்க உக்காரட்டும்னு கேட்டா. இதென்ன கேள்வி, உன் வீடுதானே, உக்காரும்மான்னேன். அன்னைக்குக் கையிலயே வெச்சிருந்தேனே, அந்தத் தட்டைக் கொண்டாந்து வெச்சேன். நல்லாச் சாப்பிட்டா டீச்சரம்மா. ஒரு துண்டு மிச்சம் வெக்கல. முள்ளை மட்டும் எடுத்துத் தட்டோரமா வரிசையா வெச்சா. நான்கூட, இதென்னடி இது, சிப்பாய் நிறுத்துற மாதிரின்னு சிரிச்சேன்."

மாரென், நீ சாப்பிட்டு அவள் பார்த்ததே கிடையாது. அடோயோ சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகள் வீட்டில் போய் டீச்சர்களைப் பற்றி எல்லாம் சொல்லத்தானே செய்வார்கள். இயற்பியலும் அப்படித்தான் சொல்லும், இல்லையா?

அதற்குப் பிறகு அவள் குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். "மாரென்" என்று கூப்பிட்டாள். உன் பெயரை அவ்வளவு சுத்தமாக இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குழந்தை கண்ணைத் திறந்தது. இன்னொரு முறை, "மாரென், வந்துட்டியா? சாப்பிடு" என்றாள். குழந்தை மார்பில் வாயை வைத்தது. உறிஞ்சியது. உதறவில்லை. வீட்டில் பால் விழுங்குகிற சத்தம் மட்டும்தான். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது. இன்று காலையும் குடித்தது. இதை எழுதும்போது என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது, வயிறு உப்பி, கை இரண்டையும் விரித்துக்கொண்டு, நீ ஆசிரியர் அறையில் தூங்குவாயே, அந்த மாதிரி.

நீ சாகடித்ததாக நினைத்துக்கொண்டு ஓடிப்போனாயே, அந்தப் பெண்ணின் அம்மா தன் பிள்ளைக்கு உன் பெயரை வைத்திருக்கிறாள். இந்த ஒரு வரி உன்னிடம் வந்து சேர வேண்டும். மற்றதெல்லாம் தண்ணீரில் நனைந்து அழிந்தாலும் இந்த வரி மட்டும் சேர வேண்டும்.

சடங்கு முடிந்ததும் பெண்கள் உனக்காக ஒப்பாரியை ஆரம்பிக்கப் பார்த்தார்கள். நான் எழுந்து ஒரு அதட்டல் போட்டேன். உயிரோடிருப்பவர் பெயரையும் ஆசைக்கு வைப்பதுண்டு. எங்கள் சமையல்காரர் தன் மகனுக்கு வானொலியில் பந்தாட்டம் சொல்கிறவரின் பெயரை வைத்திருக்கிறார், அந்த மனிதர் இன்றைக்கும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார். "இதும் அப்பிடித்தான். ஆசைக்கு வெச்ச பேரு. எவளாச்சும் மாரெனுக்கு அழுதீங்க, பாருங்க" என்றேன். அடங்கினார்கள். அத்தை மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

காலையில் ரிஸ்பாவும் படகில் வந்திருக்கிறாள், குழந்தையைப் பார்க்க. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மேடம், டீச்சர் அங்க நெசமாவே இருக்காங்கதானே?" என்று கேட்டாள். எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றேன். "பதில் வரலேன்னா?" என்றாள். அவள் கண்ணைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை விட்டால் உன் பெயரிலும் ஒரு பதில் எழுதி என் மேசையில் வைத்துவிடும், எனக்குத் தாங்காது என்று தோன்றியது. "இந்த வாட்டி யாரும் யாருக்காகவும் பதில் சொல்லக் கூடாதுடி" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

அடோயோவின் அம்மா உனக்கு எழுதச் சொன்னது இது, அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "கனவுல சாப்பிட்டது கணக்குல வராது. நேர்ல வந்து சாப்பிடச் சொல்லுங்க. தட்டைக் கழுவி வெச்சிருக்கேன்."

நீ இருந்தால், என் மேல் கோபப்படு. உயிரோடு இருக்கிறவளை ஊர் கூடிக் கொன்றுவிட்டீர்களே என்று எழுது, திட்டு, போனில் கத்து. நான் அந்தத் திட்டைக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுவேன். நீ இல்லையென்றால், இந்த வீட்டில் உனக்கு இடம் கொடுத்தாகிவிட்டது, இனி நனைந்துகொண்டு நிற்காதே. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் எப்படி ஆசீர்வதிப்பது என்றும் தெரியவில்லை. நீ எங்கே இருந்தாலும் உன் தலை காய்ந்திருக்கட்டும், மகளே. உன் வயிறு நிறைந்திருக்கட்டும்.

அன்று உன்னைத் திட்டினேன், தூங்குகிறவள் கதவைத் தட்டாதே என்று. இன்று நான் அதைத்தான் செய்கிறேன். உன் மாதிரியே பெயரைக் கூப்பிட்டுவிட்டு, நிமிர்ந்து, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பதில் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டேன்.

மாரென்.

டோர்கா அமோண்டி